பட்டுக்குக் காது உண்டு

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் சுற்றப் போனவன் நான். லாரியில் கிளீனராக இருந்தேன். அரக்கோணம் ஜங்ஷனில் டீ விற்றேன். மரக்காணம் பக்கம் உப்பளத்தில் கொஞ்ச நாள், பிறகு ஒரு கல்குவாரி. எங்கும் நிலைக்கவில்லை. யாரும் துரத்தவில்லை, நானாகத்தான் கிளம்பிவிடுவேன். உடம்புக்கு முடியாமல் போனால் மட்டும் காஞ்சிபுரம் வருவேன். பிள்ளையார்பாளையத்தில் அக்கா வீடு இருந்தது. அப்பா அம்மா போன பிறகு நான் தட்டாமல் நுழையக்கூடிய கதவு உலகத்தில் அது ஒன்றுதான்.

அக்காவும் மாமாவும் பாவு நீட்டுகிறவர்கள். தறியில் நீளவாட்டில் ஓடும் இழைகளுக்குப் பாவு என்று பெயர். அது தறிக்கு ஏறுமுன் முழு நீளத்துக்கும் இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்த இழைகளை முடிந்து, வெயில் உறைப்பதற்குள் சுருட்டிவிட வேண்டும். அவ்வளவு நீளமான வீடு யாருக்கு இருக்கிறது? அதனால் எல்லாம் தெருவில்தான். விடிந்தால் எங்கள் தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நட்டுவைத்த மூங்கில் கவைக்கோல்களின் மேல் அரக்கும் மஞ்சளும் பச்சையுமாகப் பட்டு நீண்டு கிடக்கும். பால்காரன் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு சுவரோரமாகப் போவான். மாடுகள்கூட அந்த நேரத்தில் பக்கத்துச் சந்துக்குள் திரும்பிவிடும். மேற்குக் கோடியில் பாவின் தலையைக் கட்ட ஒரு கல் நட்டிருந்தது. கயிறு உராய்ந்து உராய்ந்து அதன் இடுப்பு இளைத்திருந்தது. அந்தக் கல்லிலிருந்துதான் அக்கா வீட்டுச் சோறு வந்தது.

அந்தத் தெருவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணப் பெண்ணுக்கான முகூர்த்தப் புடவை தறியில் இருக்கும்வரை அந்த வீட்டிலும், அதற்குப் பாவு நீட்டுகிற வீட்டிலும் யாரும் குறைப்பேச்சுப் பேசக் கூடாது. திட்டுவது மட்டும் இல்லை. வலிக்கிறது, போதவில்லை, முடியவில்லை, எதுவுமே வாயில் வரக் கூடாது. பட்டுக்குக் காது உண்டு என்பார்கள். நெய்கிறவன் வீட்டில் சொன்னது இழையில் தங்கி, கட்டிக்கொள்கிறவள் வாழ்க்கையில் போய் விடியும் என்று பயம். எதிர்வீட்டு அம்மாளுக்குப் பல்வலியில் கன்னம் பூரியாக வீங்கியிருக்கும். "எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டால், வீங்காத பக்கத்தால் "நல்லா இருக்கேன்பா" என்பாள். சாவுச் செய்தி கொண்டுவருகிறவன் வாசலில் நின்று ஆளை வெளியே கூப்பிட்டுத்தான் சொல்வான். புருஷன் பெண்டாட்டி சண்டைகூட முற்றுவதற்குள் நின்றுவிடும். "இரு, ஆடி வரட்டும், வெச்சிக்கிறேன்" என்று ஒருத்தர் சொல்வார், இன்னொருத்தர் "வரட்டும், நானும் இங்கதான் இருப்பேன்" என்பார்.

ஆடி பிறந்தால் முகூர்த்தம் கிடையாது. ஆடிப் பெருக்கு கழியும்வரை கல்யாணப் புடவையைத் தறியில் ஏற்ற மாட்டார்கள். அந்த இடைவெளியில்தான் எங்கள் தெருவுக்கு வாய் திறக்கும். சேர்த்துவைத்த வலி, சண்டை, அழுகை எல்லாம் ஒரே மூச்சில் வெளியே வரும். வெளியூரிலிருந்து அந்த நேரத்தில் வருகிறவன் இது என்ன நரகமடா என்று நினைத்துக்கொள்வான். தை மாசம் வருகிறவன் சொர்க்கம் என்று நினைத்துக்கொள்வான். இரண்டு பேரும் பார்த்தது ஒரே ஆட்களைத்தான்.

அந்த வருஷம் நான் மஞ்சள் காமாலையோடு வந்து சேர்ந்தேன். எழுபதுகளின் தொடக்கம் என்று ஞாபகம். அக்கா கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, மோர்ச் சோறு போட்டு எழுப்பி உட்கார வைத்தாள். தை பிறந்தபோது நடக்கத் தெம்பு வந்திருந்தது. ஒரு பாயின் டீக்கடையில் காலை முழுக்க உட்கார்ந்திருப்பேன். அங்கேதான் அந்த சார் வந்தார்.

சென்னையில் பொருளாதாரம் படித்தவர். முப்பதுக்குள் வயது. கண்ணாடி, தோளில் ஜோல்னாப் பை. ஊரைத் தெரிந்த ஆள் ஒருவர் தேவை, வாடகை சைக்கிள் நானே எடுத்துத் தருகிறேன் என்று பாயிடம் கேட்டார். பாய் என்னைக் காட்டினார்.

"இவன கூட்டிக்கினு போங்க சார். ஊரு ஊரா சுத்தனவன். உடம்புதான் நோஞ்சான், வாய்க்கு ஒரு சீக்கும் இல்ல."

சார் வந்த காரியம் இது. கோயில் வீதியிலும் மார்க்கெட் பக்கமும் நெரிசல் தாங்கவில்லை. திருப்புட்குழி, கூரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் பஸ்களை எங்கள் தெரு வழியாக விட்டால் மார்க்கெட்டுக்கு நேராக வந்துவிடலாம். விடலாமா வேண்டாமா என்று யோசிக்க ஒரு குழு போட்டிருந்தார்கள். அந்தக் குழுவுக்காக மக்களைக் கேட்டு எழுதிக் கொடுக்க இவரை அனுப்பியிருந்தார்கள்.

நான் நேராகக் கேட்டேன். "ஏற்கெனவே முடிவு பண்ணிட்டுத்தான் கேக்க வந்திருக்கீங்களா சார்?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே பொறுமையாகச் சொன்னார். "இல்ல தம்பி. நான் பார்க்கறது ஒண்ணே ஒண்ணுதான். ஒரு காரியம் நடந்தா அதனால ஒவ்வொரு மனுஷனும் எப்படி இருக்கான்? நல்லா இருக்கானா, இல்லையா? அதுக்கு மேல வேற கணக்கு கிடையாது. கோயிலோட பெருமை, ஊரோட பேர், வழக்கம், சட்டம், எதுவும் தனியா நிக்காது. மனுஷன் நல்லா இருந்தாத்தான் அதெல்லாம் நல்லது. அவன் நல்லா இருக்கானான்னு அவன்தான் சொல்லணும், நான் சொல்லக் கூடாது."

அதைக் கேட்டபோது எனக்கு என்ன ஆயிற்று என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நான் வேலை செய்த இடத்தில் எல்லாம் வேறு எதையாவதுதான் பார்த்தார்கள். குவாரியில் எத்தனை லோடு போயிற்று என்று பார்த்தார்கள். உப்பளத்தில் உப்பின் வெள்ளையைப் பார்த்தார்கள். எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் புடவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, காஞ்சிப் பட்டு என்றால் காஞ்சிப் பட்டுதான் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நெய்தவன் எப்படி இருக்கிறான் என்பது ஒரு கேள்வியாகவே இருந்ததில்லை. இங்கே ஒரு படித்தவர் வந்து, கேள்வியே அது ஒன்றுதான் என்கிறார். நம்பினேன். அவர் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொடுத்தது முதல் மதியம் அவருக்கு இலை போட்டது வரை எல்லாம் அந்த நம்பிக்கையில்தான்.

கேட்பதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். அட்டையில் வரைந்த ஏணிப் படம். மேல்படி என்றால் இதைவிட நல்ல வாழ்க்கை இல்லை. கீழ்ப்படி என்றால் இதைவிட மோசம் இல்லை. நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள், விரலை வையுங்கள். அவ்வளவுதான். எழுத்துத் தெரியாதவர்களும் வைக்கலாம்.

எங்கள் தெருவில்தான் ஆரம்பித்தார். தை மாசம். தறி இருந்த வீடெல்லாம் முகூர்த்தப் புடவை. எதிர்வீட்டு அம்மாள் அட்டையை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ஏணி சரி சார். அத எதுமேல சாத்தி வெச்சிருக்குது?"

"அது சும்மா படம்மா."

"செவுரு இல்லாம ஏணி எப்பிடி நிக்கும்? ஏறனா வுழுந்துட மாட்டாங்க?"

வீட்டுக்குள் சிரிப்பு. சார்கூடச் சிரித்தார். அம்மாள் தறியை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, மேலே உச்சியை மட்டும் விட்டு அதற்கு அடுத்த படியில் விரலை வைத்தாள். உச்சியைத் தொட்டால் திமிர் என்று ஆகிவிடும். கீழே தொட்டால் பட்டு கேட்டுவிடும். தெரு முழுக்க அதே இடத்தில்தான் விரல்கள் விழுந்தன. அக்காவும் வைத்தாள். அவள் உள்ளங்கை கஞ்சியில் வெடித்து, விரல் சந்தெல்லாம் சிவந்திருந்தது. சார் அந்தக் கையைப் பார்த்தார். "பாவு நீட்டறது கஷ்டமா இருக்காம்மா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கோம் சார்" என்றாள் அக்கா. "டேய், சாருக்கு மோர் குடுடா."

பஸ் வந்தால் எப்படி இருக்கும் என்றும் கேட்டார். வரப்போகும் கெடுதலைச் சொல்வதும் கெட்ட வார்த்தைதான். "வர்றது நல்லதா வரட்டும் சார்" என்றார் மாமா. சார் எழுதிக்கொண்டார்.

எனக்கு உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. வீட்டு வாசலில் வைத்து அதைச் சொல்லவும் முடியவில்லை. மறுநாள் கூரம் போனோம். அங்கே வரப்பில் ஒரு கீரைக்காரி உட்கார்ந்து கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். தினமும் தலைச்சுமையாகக் காஞ்சிபுரம் மார்க்கெட்டுக்கு நடக்கிறவள். பஸ் இருக்கிறது, ஆனால் அது ஊரைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் கீரை வாடிவிடும். அவளிடம் அட்டையை நீட்டினார்.

"நான் எங்க ஏணில நிக்கறேன்? கீழ தரையில நிக்கறேன். ஏணிய எவ கண்டா" என்று சொல்லிக் கடைசிப் படிக்கும் கீழே, வெறும் அட்டையில் விரலை ஊன்றினாள். கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது, மருமகள் சோறு போட மாட்டேன் என்கிறாள், மழை இல்லை என்று நிறுத்தாமல் சொன்னாள். அவள் வீட்டில் பட்டு இல்லை. அவள் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை.

திரும்பும் வழியில், ஏரிக்கரையில் சைக்கிளை நிறுத்தச் சொல்லி நான் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முகூர்த்தப் புடவை, குறைப்பேச்சு, பட்டுக்குக் காது, எல்லாம். அவர் இறங்கி நின்று கேட்டார். குறுக்கே பேசவில்லை.

"அப்படின்னா உங்க தெருவுல நான் வாங்கினது எல்லாம்..."

"பொய்னு சொல்ல மாட்டேன் சார். ஆனா அது உங்களுக்குச் சொன்ன பதில் இல்ல. யாரோ ஒரு கல்யாணப் பொண்ணுக்குச் சொன்னது. ஆடில வாங்க. அப்போ கேளுங்க. காதப் பொத்திக்கினு ஓடுவீங்க."

அவர் சைக்கிளை ஒரு மரத்தில் சாய்த்தார். பிறகு என் கையைப் பிடித்து, "இத சொன்னதுக்கு நன்றி தம்பி. ஆடியில கண்டிப்பா வரேன். வந்து மறுபடியும் கேக்கறேன்" என்றார். வெறும் வாய்ப்பேச்சாகத் தெரியவில்லை. கண்ணில் அக்கறை இருந்தது. அன்றைக்கு இருந்தது உண்மை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதனால்தான் பின்னால் அவ்வளவு கசந்தது.

பங்குனியில் ஒரு பள்ளிக்கூடக் கொட்டகையில் குழு கூடியது. எங்கள் தெரு ஆட்களும் கிராமத்து ஆட்களும் வந்திருந்தார்கள். கீரைக்காரியும் வந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். சார் ஓரத்தில் ஒரு நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

குழுவுக்குத் தலைவராக இருந்த பெரியவர் எழுந்து, எல்லாருக்கும் புரியும்படி நிதானமாகத்தான் பேசினார். கிராமத்துக்காரர்கள் ஏணியின் அடியில் இருக்கிறார்கள். பஸ் வந்தால் மேலே ஏறுவார்கள். நெசவுத் தெருக்காரர்கள் உச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்களே சொன்னது, வேறு யாரும் சொல்லவில்லை. மேலே இருக்கிறவர்கள் ஒரு படி இறங்கினாலும் தாங்கும். எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் ஊருக்கு நல்லது. இதுதான் அவர் சொன்னது. எனக்குப் பயமாக இருந்ததே அதில் தப்பு எங்கே என்று சட்டென்று காட்ட முடியாததால்தான். கீரைக்காரியின் கழுத்தை நானே பார்த்திருக்கிறேன்.

மாமா எழுந்தார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"ஐயா, பாவு நீட்ட எங்களுக்கு வேற எடம் இல்லீங்க. பஸ்ஸு வந்தா நாங்க பொழைக்க முடியாது."

"அப்போ நல்லா இருக்கோம்னு சொன்னது?" என்று கேட்டார் பெரியவர். "உங்க தெருவுல ஒருத்தர் பாக்கியில்லாம சொல்லியிருக்கீங்க. பொய்யா சொன்னீங்க?"

மாமா வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். எனக்குப் புரிந்தது, எங்கள் தெரு ஆட்கள் எல்லாருக்கும் புரிந்தது. ஆமாம், பொய் என்று சொன்னால் அந்தப் புடவைகளின் மேல் சொன்ன நல்ல வார்த்தையைத் திருப்பி வாங்கிக்கொண்டதாக ஆகும். தையில் நெய்தது எல்லாம் அதற்குள் யார் யாரோ கட்டித் தாலி ஏறிவிட்டது. அந்தப் பெண்கள் எங்கே இருக்கிறார்களோ தெரியாது. அவர்கள் தலையில் கையை வைத்துவிட்டுத் தன் தெருவைக் காப்பாற்றிக்கொள்ள மாமாவால் முடியாது. அவர் நின்றுகொண்டே இருந்தார். பின்னாலிருந்து யாரோ, "உக்காருப்பா, நல்லா இருக்கறவன் எதுக்கு நிக்கறே" என்று சொல்லிச் சிரித்தான்.

நான் எழுந்துவிட்டேன். "அவங்க ஏன் அப்பிடிச் சொன்னாங்கன்னு சாருக்குத் தெரியும். நான் சொல்லியிருக்கேன். அவர கேளுங்க" என்றேன்.

எல்லாரும் சாரைப் பார்த்தார்கள். சார் தன் செருப்பைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெரியவர், "என்ன, ஏதாவது இருக்கா?" என்றார். "ஒரு நம்பிக்கை இருக்கறதா கேள்விப்பட்டேன். நான் கேட்டதுக்கு அவங்க சொன்னதுதான் பதில்" என்றார் சார். அத்தோடு முடிந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் அவரைப் பிடித்தேன். "ஆடிக்கு வரேன்னு சொன்னீங்களே சார்."

"வருவேன் தம்பி. குழுவுக்குப் பங்குனிக்குள்ள எழுதிக் கொடுக்கணும்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. ஆடில வந்து கேக்கறது என் படிப்புக்கு."

"உங்களுக்குத் தெரிஞ்சத சொல்லியிருக்கலாமே."

அவர் அப்போதும் பொறுமையாகத்தான் பேசினார். "யோசிச்சுப் பாருங்க. அவங்க ஒண்ணு சொல்றாங்க. இல்ல, அவங்க மனசுல இருக்கறது வேறன்னு நான் மாத்தி எழுதலாமா? இன்னிக்கு உங்க தெருவுக்காக மாத்தினா, நாளைக்கு வேற ஒருத்தன் ஏழை வாய்லேர்ந்து வர்ற வார்த்தையெல்லாம் அவன் இஷ்டத்துக்கு மாத்துவான். அவங்க எப்படி இருக்காங்கன்னு அவங்கதான் சொல்லணும்."

டீக்கடையில் என்னை மயக்கிய அதே வாக்கியம். இப்போது அதை வைத்தே கதவைச் சாத்தினார்.  எதிர்வீட்டு அம்மாள் கேட்ட கேள்விதான் ஞாபகம் வந்தது. ஏணியை எதன்மேல் சாத்தி வைத்திருக்கிறது?

சித்திரையில் தெருவில் சரளை கொட்டினார்கள். மேற்குக் கோடிக் கல்லைப் பிடுங்கப் பார்த்தார்கள். ஆழம் அதிகம், வரவில்லை. தலையை மட்டும் உடைத்துவிட்டு மேலே சரளையைப் பரப்பினார்கள். பஸ் வந்தது. முதலில் மாமா விட்டுக்கொடுக்கவில்லை. முதல் பஸ்ஸுக்கு முன்னால் சுருட்டிவிடலாம் என்று இருட்டோடு எழுந்து கட்டினார். டிரைவரும் நல்ல மனுஷன்தான். பட்டைப் பார்த்தால் நிறுத்திவிட்டுப் பீடி பற்ற வைப்பார். உள்ளே இருக்கிறவர்கள் சும்மா இருப்பார்களா?

"இன்னாயா இது, புடவைய கட்றதுக்கு முன்னாடியே தெருவுல வுரிச்சிப் போட்டுக்கினு."

"எங்க கீரை வாடுதுப்பா. வண்டிய எடு."

அந்த இரண்டாவது குரல் எனக்குத் தெரியும்.

வைகாசியில் ஒரு காலை, வேறு டிரைவர். ஓரமாகப் போய்விடலாம் என்று நினைத்திருக்கிறான். பின்சக்கரம் ஒரு கவையைத் தட்டிவிட, பாவு முழுக்கச் சரளையில் விழுந்து சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. அது ஒரு முகூர்த்தப் பாவு. அறுந்த பட்டைச் சக்கரத்திலிருந்து மாமா பிய்த்துப் பிய்த்து எடுத்தார். அக்கா பக்கத்தில் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்போதும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெரு முழுக்க வாசலில் நின்றது, ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. பஸ்ஸில் இருந்தவர்களுக்கு அந்த அமைதி விளங்கவே இல்லை. "பரவால்ல, தங்கமான ஜனம்" என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது.

அதற்கப்புறம் யாரும் மாமாவிடம் முகூர்த்தப் பாவு தரவில்லை. அக்காவும் மாமாவும் திருப்புட்குழி சாலையில், ஊருக்கு வெளியே, ஒரு களத்துமேட்டை ஒட்டிக் குடிசை போட்டுக்கொண்டு போனார்கள். அங்கே இடம் இருந்தது. ஆனால் அவ்வளவு தூரம் பாவைத் தூக்கிக்கொண்டு எத்தனை பேர் வருவார்கள்? கிடைத்தது சாதாரணப் புடவைப் பாவு, அதுவும் எப்போதாவது. மற்ற நாளில் அக்கா நகரத்துக்குப் போய் ஒரு வீட்டில் பட்டு நூல் இழைத்து, ராட்டையில் சுற்றிக் கொடுத்தாள். போவதும் வருவதும் அதே பஸ்ஸில்தான். நான் முகத்தைச் சுளித்தால், "இன்னாடா, கால் வலிக்க நடக்கச் சொல்றியா?" என்பாள்.

ஆடி பிறந்ததும் சார் வந்தார். சொன்ன சொல் தவறவில்லை. பாயிடம் வழி கேட்டுக்கொண்டு, களத்துமேடு வரை சைக்கிளை மிதித்து வந்துவிட்டார். ஜோல்னாப் பையிலிருந்து அதே அட்டை வெளியே வந்தது. ஓரம் மட்டும் கசங்கியிருந்தது. நான் குடிசைக்கு வெளியே நின்றேன். உள்ளுக்குள் ஒரு வெறி இருந்தது. இப்போது வீட்டில் எந்தக் கல்யாணப் பட்டும் இல்லை, தெருவும் இல்லை. அக்கா வாயைத் திறப்பாள். அந்த மனுஷன் நின்ற இடத்திலேயே வேர்த்துப் போவான். ஆடிமாதத்து அக்காவை நான் பார்த்திருக்கிறேன். அவள் பேச ஆரம்பித்தால் நாய்கூட எழுந்து போய்விடும்.

அக்கா அவருக்குப் பாய் போட்டாள். செம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

"இப்போ ஆடி மாசம்மா" என்றார் சார், கொஞ்சம் வெட்கத்தோடு. "தம்பி எல்லாம் சொல்லியிருக்கார். தறியில முகூர்த்தப் புடவை இல்ல. மனசுல இருக்கறத தாராளமா சொல்லலாம். எப்படி இருக்கீங்க?"

அக்கா அட்டையை வாங்கினாள். இந்தத் தடவை யோசிக்கவே இல்லை. தெருவில் தையில் ஒருத்தரும் தொடாத உச்சிப் படியில் விரலை வைத்து அழுத்தினாள்.

"நல்லா இருக்கோம் சார்."

"நிஜமாவா?"

"காத்து நல்லா வருது. பஸ்ஸு இருக்குது. இன்னா கொறை?"

மாமா களத்தில் கவைகளை நட்டுக்கொண்டிருந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. சார் எழுதிக்கொண்டார். அவர் முகத்திலிருந்து ஒரு பாரம் இறங்கியது தெரிந்தது. சைக்கிள் வரை நான் கூடப் போனேன். "பார்த்தீங்களா தம்பி, ஆடியிலயே சொல்றாங்க" என்றார். "எனக்கும் உறுத்தலாத்தான் இருந்துச்சு. மனுஷங்க பழகிக்கறாங்க. எதிர்பார்த்தத விட நல்லாவே இருக்காங்க." என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு ஏறிப் போனார். ஆடியில் சொல்வதுதான் உண்மை என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். அதை வைத்தே என் வாயை அடைத்துவிட்டுப் போனார்.

திரும்பி வந்து அக்காவிடம் கத்தினேன். அவளிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. "இதுக்குத்தான் ஆறு மாசமா காத்துக்கினு இருந்தேனா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னா? உன் வாய அடைக்க இப்போ எந்தப் பட்டு இருந்துது?"

அவள் செம்பைக் கவிழ்த்து மீதித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினாள்.

"உனக்கு அவன் வேர்க்கணும். அதுக்கு நான் அழணுமா?" என்றாள். "கொட்டகையில அத்தன பேரு முன்னாடி உங்க மாமா நின்னாரே, அப்போ இந்த ஆளு செருப்ப பாத்துக்கினு இருந்தான்னு நீதான சொன்ன. அவன்கிட்ட போய் என் கைய காட்றதா? நம்ம கஷ்டத்த சொல்லணும்னா சொல்றதுக்கு ஒரு ஆளு வேணும்டா. படம் இருந்தா போதுமா?"

"அவன் நீ நல்லா இருக்கேன்னு எழுதிட்டான்."

"எழுதட்டும். அவனுக்காவது நிம்மதியா இருக்கட்டும்." பிறகு களத்தைக் காட்டினாள். "பேசினது போதும். மாமா தனியா நிக்கறாரு. போய் அந்தக் கோடிய புடி."

நான் போய்ப் பிடித்தேன். ஒரு சாதாரணப் பச்சைப் பாவு. கட்டுவதற்கு அங்கே கல் இல்லை. ஒரு முளைக்குச்சிதான், இழுத்தால் ஆடியது. அதனால் குச்சியோடு சேர்த்து ஒரு ஆளும் கயிற்றைப் பிடித்து நிற்க வேண்டும். சுருட்டி முடிக்கும்வரை நின்றேன்.   சாரின் மேல் இருந்த கோபம் எங்கேயும் போகவில்லை. ஆனால் அதைவிட அக்காவின் மேல் இருந்ததுதான் அன்றைக்குப் பெரிதாக இருந்தது. சார் என் பேச்சைத் தூக்கி எறிந்தார், சரி. இவளுமா? அவளுக்காகத்தானே நான் காத்திருந்தேன். நான் அவளுக்காகப் பேசியது அவளுக்குப் போதவில்லை, தானே பேசவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

அந்த வாரமே கிளம்பினேன். அக்கா புளிச்சோறு கட்டிக் கொடுத்து, பஸ்ஸில் போடா என்றாள். சரி என்று சொல்லிவிட்டு ரயிலடிவரை நடந்தேன். வழியில் பழைய தெருவைத் தாண்ட வேண்டியிருந்தது. ஆடி என்பதால் தெரு பேசிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு அம்மாள் பல்வலியைப் பற்றி, பஸ்ஸைப் பற்றி, தூசியைப் பற்றி, புருஷனைப் பற்றி எல்லாம் ஒரே குரலில் தெருவுக்கே சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டு எழுத அங்கே ஆள் இல்லை. என்னைப் பார்த்ததும் நிறுத்தி, "இன்னாபா, அக்கா எப்பிடி இருக்குது?" என்றாள்.

அவளிடமாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னால் பஸ் வந்தது. மேற்குக் கோடியில், சரளைக்குக் கீழே கல் புதைந்திருந்த இடத்தில், அது ஒரு தரம் எம்பிக் குதித்தது. ஜன்னலோரம் கூடையை மடியில் அணைத்துக்கொண்டு அந்தக் கீரைக்காரி உட்கார்ந்திருந்தாள். தலையில் சும்மாடு இல்லை. நான் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டேன். பஸ் போன பிறகு எதிர்வீட்டு அம்மாள் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லாமல் நடந்துவிட்டேன்.